பேஜார் என்றால் என்ன?

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஷூ கம்பெனியில் நான் ஆபீஸ், அவர் தையல் பிரிவு சூப்பர்வைசர். கம்பெனியில் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. வேலை முடிந்து நான் மெயில் பார்க்கப் போனால் அவரும் கூட வந்து சாட்டில் உட்கார்ந்துவிடுவார். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு இரண்டாவது குழந்தையும் பிறந்த அன்றே இறந்துபோயிருந்தது. கொஞ்ச நாளிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். வேலை செய்தால் மனசு மாறும் என்று நாங்கள்தான் சொன்னோம். அவர் வாயே திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. "பேஜாரா இருக்குடீ" என்று தினமும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? பஸ் வராவிட்டால் பேஜார், குழம்பில் உப்பு ஜாஸ்தியானால் பேஜார், கரண்ட் போனால் பேஜார். "எனக்கும்தாங்க்கா" என்பேன். இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

அன்று சாயங்காலம் சாட்டில் கிடைத்தவர் யாரோ ஒருத்தர். எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. தமிழ் பேசுகிறவர், அவ்வளவுதான். அக்கா ஆங்கில எழுத்தில் 'ரொம்ப பேஜார்' என்று அடித்திருக்கிறார். அந்த மனிதர் அதைப் பஜார் என்று படித்துவிட்டு, 'பஜார்ல என்ன வாங்கப் போறீங்க?' என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. பிறகு, 'பேஜார்னா என்ன? எனக்குத் தெரியாத வார்த்தையா இருக்கு' என்று கேட்டாராம். அக்கா சொல்லிப் பார்த்தார், அழித்தார், மறுபடி சொல்லிப் பார்த்தார். சலிப்பா என்று கேட்டார் அவர். இல்லை. வருத்தமா? அதுவும் இல்லை. கடைசியில், 'உயிரோட இருக்கப் பிடிக்கல, இன்னிக்கு முடிச்சிக்கலாம்னு இருக்கேன்' என்று அடித்துவிட்டார். அதை அடிக்கும் வரை தனக்கே அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்று பிற்பாடு சொன்னார்.

'பக்கத்துல யாராவது இருக்காங்களா?' என்று அவர் கேட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் பெண் இருக்கிறாள் என்றார் அக்கா. 'தட்டிக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்.'

தட்டினார். எழுந்து போனேன்.

"இன்னிக்கு உங்க ஊட்டுக்கு வர்றேன்டீ. என்னை ஒண்டியா உடாத."

அம்மா அவரைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். விடிந்ததும் வேலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். வெகுகாலம் மாத்திரை சாப்பிட்டார், வெகுகாலம் அழுதார், பிழைத்துக்கொண்டார்.

எனக்கு சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். தினமும் என் டப்பாவில் கை போட்டுச் சாப்பிடுகிறவர், முகம் தெரியாத ஒருத்தரிடம் போய்ச் சொல்வதா? "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "தினம் சொன்னேனேடீ" என்றார், குறையாக அல்ல, நிஜமாகவே புரியாமல். அவர் சொன்னதும் சரி, எனக்குக் கேட்காததும் சரி. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த மனிதரும் எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால், 'எனக்கும்தான்' என்று அடித்துவிட்டுப் போயிருப்பாரோ என்னவோ.

நன்றி சொல்ல அக்கா எத்தனையோ சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தார். அந்தப் பெயரில் பிறகு யாரும் வரவில்லை. போன மாதம் அவரை வாணியம்பாடியில் பார்த்தபோது பேச்சு அதில் வந்து நின்றது. நல்ல மனுஷர், எங்கேயோ நன்றாக இருப்பார் என்றேன். அக்கா தலையாட்டவில்லை.

"அவரு எதுக்கு அங்க வந்து உக்காந்துனு இருந்தாரோடீ. நான் கேக்கவே இல்ல."