டயர் தாங்காது

எனக்கு ஒரு வண்டிமேல் பொறாமை இருந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பண்ணை வீட்டுச் சின்ன ஐயா மெட்ராஸிலிருந்து ஓட்டிவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட், மேலே மடக்கிவிடும் துணிக்கூரை. நாங்கள் நடவு நட்டுக்கொண்டிருக்கும்போது கப்பி ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். வலது பக்கம் சின்ன ஐயா. இடது பக்கம் அவர் கட்டிக்கொண்டு வந்த சின்னம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. தினமும் அந்த வண்டியைக் கழுவித் துடைப்பது என் வீட்டுக்காரரின் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகிப் புதிது. சின்னம்மா ஏறுவதற்கு முன்னால் இவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து அந்த இடது சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிடுவார். வரப்பிலிருந்து பார்க்கும் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் காலம் புரண்டது. கூலிப் போராட்டம் வந்தது, ஆட்சி மாறியது, நில உச்சவரம்பு வந்தது. பினாமி பெயர்களில் எழுதிவைத்த நிலமெல்லாம் கோர்ட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழன்றது. எங்கள் தெருவுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பட்டா கிடைத்தது. சின்ன ஐயா குடும்பத்தோடு மெட்ராஸுக்கே போய்விட்டார். வண்டி மட்டும் நெல் கொட்டகையில் நின்றது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனார். அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் மாடி எடுத்தார்கள். இவர் வந்து அந்த வண்டியை வாங்கினார்.

“பண்ணையார் வண்டி நம்ம வாசல்ல நிக்கிது, பாத்தியா புள்ள?” என்றார்.

பார்த்தேன். எந்த சீட்டை முதலில் துடைத்தார் என்பதையும் பார்த்தேன்.

இன்ஜின் ஓடியது. டயர்தான் வம்பு. ஓடித் தேய்ந்த டயரில்லை. தரையில் பதியும் பக்கத்து வெட்டெல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் சுற்றிலும் வெடிப்பு, ஆற்றில் தண்ணீர் விடாத வருஷத்து வயல் மாதிரி. நின்று நின்றே கெட்ட டயர். இந்த அளவு இங்கே வராது என்று மாயவரத்து டயர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இவர் விடுவாரா? என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துப்போய் வெடிப்பில் தேய்த்தார். டயர் பளபளவென்று கறுத்தது, வெடிப்பு இன்னும் வாயைத் திறந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார். அடுத்தது ஈரச்சாக்கு. விதைநெல்லை முளைகட்டுவது போல நான்கு டயருக்கும் சாக்கை நனைத்துப் போர்த்தினார், வெயிலில் ரப்பர் காயக் கூடாதாம். எத்தனையோ வருஷம் நடவு வயலில் நின்று என் குதிகாலும்தான் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த இடது சீட்டில் உட்கார்ந்து குத்தாலம் கடைத்தெரு வரை ஒருதடவை போய்வர வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“டயர் தாங்காது புள்ள. ஒத்தை ஆள்னா மெதுவா உருட்டலாம். ரெண்டு பேர் ஏறுனா பாதி வழியில படுத்துரும்.”

எப்போது கேட்டாலும் இதே பாட்டு. அவர் மட்டும் வாய்க்கால் மதகு வரை ஓட்டிவிட்டு வருவார்.

ஒரு தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது சின்னம்மா வந்தார். பண்ணை வீட்டை விற்கக் கையெழுத்துப் போட வந்தவர், தனியாக. தலை நரைத்திருந்தது. பஸ் ஏற மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார். அவ்வளவுதான், இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டி வாங்கிய கதை, டயரில் வெடிப்பு விழுந்த கதை, எண்ணெய் தேய்த்த கதை எல்லாம் ஒப்பித்தார். கடைசியில் தோள் துண்டை எடுத்து அந்த சீட்டைத் தட்டினார்.

“ஏறுங்க சின்னம்மா, குத்தாலம் வரைக்கும் கொண்டு விட்டுர்றேன்.”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இப்போது மட்டும் டயர் தாங்குமா? போகிற வழியில் நாலும் வெடித்துச் சிதறட்டும் என்று மனசாரச் சபித்தேன்.

சின்னம்மா சீட்டைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் இவர் உட்கார்ந்து ஓட்டுவார் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது.

“வேண்டாம்ப்பா. டயர் சரியில்லன்னு நீயே சொல்றே. நான் பஸ்லயே போயிக்கிறேன்.”

டயர் பக்கம் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். இவர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். களத்துத் தூசி ஒட்டிய காலோடு போய் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“எடுங்க.”

“டயர் வந்து...”

“அவங்களத் தாங்கும், என்னைத் தாங்காதா? எடுங்க வண்டிய.”

எடுத்தார். டயர் படுக்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. சின்னம்மாவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தார். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். தாண்டிப் போனோம். நான் இத்தனை வருஷம் ஏங்கிய சீட்டில், காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தேன். இவர் ஒருதடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில், பின்னால் வந்துகொண்டிருந்த குடையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கையை நீட்டி அந்தக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றேன்.