பேசாமல் ஊட்டிய நாட்கள்

எங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்தே போய்விட்டது. அதைவிடப் பெரிய கவலை விழுங்குவது. அவசரப்பட்டு ஊட்டினால் கஞ்சி புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். ஒரு தடவை அப்படிப் போய், சளி கட்டி, பிழைத்து வந்தவர். "வாய் வழியா ஒழுங்கா இறங்கலேன்னா மூக்குல டியூப் போட வேண்டியதுதாம்மா. அடுத்த தடவ வரும்போது பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர், நல்லா இருக்கிற இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கோவில்பட்டியில் அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற இடத்திலேயே, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. சின்ன வயசு மேடம் ஒருவர் நடத்தினார். "இது புத்தர் சொன்ன வழிம்மா. அதுக்காக அவரக் கும்பிட வேண்டாம், உங்க சாமிய விடவும் வேண்டாம். மூச்சு வர்றதையும் போறதையும் பாருங்க. ஊட்டும்போது ஊட்டுறத மட்டும் பாருங்க. போன் வேண்டாம், வெட்டிப் பேச்சு வேண்டாம்" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். முருகனுக்கு விளக்கேற்றாமல் ஒரு வாய்க் காப்பி குடித்ததில்லை. சாமி இல்லாமல் மனசை ஒரு இடத்தில் நிறுத்துவது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்ததெல்லாம் விரதம்தான். அதனால், "எந்தக் கிழமை ஆரம்பிக்கணும் மேடம், கவிச்சி சேர்க்கலாமா?" என்று கேட்டேன்.

தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற ஒரு அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். "முடிக்கும்போது பொங்கல் வைக்கணுமான்னும் கேட்டுருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மேடம், "இன்னைக்கே ஆரம்பிங்கம்மா" என்றதோடு விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் அதை விரதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, கறி மீனை நிறுத்தினேன். ஊட்டுகிற நேரம் மௌனம். இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அவருக்குத் தொண்டை திறக்கும் என்று முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தேன்.

கம்மங்கூழைக் கெட்டியாகக் கரைத்து, தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, கால் கரண்டி கொடுப்பேன். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். இறங்கிய பிறகுதான் அடுத்தது. நடுவில் என் மூச்சு. முதல் ரெண்டு நாள் ஒழுங்காக இறங்கியது. அப்புறம் வாயை இறுக்க ஆரம்பித்தார். கரண்டி உதட்டில் இடிக்கும், திறக்க மாட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் விரதத்தை விடாமல், ஒரு வார்த்தை பேசாமல், கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பேன். தோள்பட்டை கடுக்கும். துவைக்க வேண்டிய துணி மூலையில் குவிந்து கிடக்கும். கூழ் ஆறித் தோல் படிந்துவிடும். அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவேன். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. டியூபுக்குத்தான் போகிறோம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. விரதத்தில் எங்கே குறை என்று முருகனைக் கேட்டு அழக்கூட அலுப்பாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை கடம்பூரிலிருந்து பார்க்க வந்தாள். அண்ணனுக்கு ஆகாது என்று தெரிந்தும் போளி வாங்கி வந்திருந்தாள். நான் ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மைனி, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சண்ட போட அவியளுக்கு வாயேது?" என்றேன்.

"உங்களுக்கு இருக்குல்லா. அதத் தொறக்கவே மாட்டேங்குதீங்களே. நீங்க பேசாம சோறு வச்சா அண்ணன் என்னைக்குச் சாப்பிட்டாவ? கையக் கழுவிட்டுக் காட்டப் பாத்துல்லா போவாவ."

எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் கிடையாது. கோபம் வந்தால் நான் பேசாமல் தட்டை வைப்பேன், அவர் தொட மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு எழுந்து காட்டு வேலைக்குப் போக அவருக்குக் கால் இருந்தது. இப்போது சுவர்தான் இருக்கிறது. மூச்சைப் பார்த்தேன், தொண்டைக்குழியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நான் பார்க்கவில்லை.

"விரதம்னு அவியகிட்டயாவது சொன்னீங்களா?" என்றாள் நாத்தனார். சொல்லவில்லை.

புதுசாகக் கூழ் கரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. மேடம் சொன்னாங்கன்னு பேசாம இருந்தேன்" என்றேன். அவர் திரும்பவில்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. குத்தகைக்கு விட்ட காட்டில் மக்காச்சோளத்தைப் பன்றி உழப்பிப் போட்டதைச் சொன்னேன். காவலுக்குப் போனவன் தூங்கிவிட்டதைச் சொல்லி அவனைத் திட்டினேன். மெதுவாக முகம் இந்தப் பக்கம் வந்தது. "வாயத் தொறங்க, பன்னிக்கு இருக்க ருசிகூடவா உங்களுக்கு இல்ல" என்றேன். தங்கைக்காரி சிரித்தாள். அவர் வாயைத் திறந்தார். கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்தினேன், தொண்டைக்குழி இறங்கியது, மறுபடி பேசினேன். முழுசும் சாப்பிடவில்லை. பாதிக் கிண்ணம் போயிற்று.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது மேடம் சிரிக்கவில்லை. "பேசுங்கம்மா. பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க, போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னது என் தப்புதான்" என்றார்.

இப்போதும் அலுப்பு அலுப்பாகத்தான் இருக்கிறது. மூச்சைப் பார்ப்பதால் துணி தானாக வெளுத்துவிடுவதில்லை. அலுப்பு வரும்போது, வந்திருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுகிறேன். அதை அவர் கேட்டுக்கொள்கிறார்.

டாக்டர் போன வாரம் அவரை விழுங்கச் சொல்லிப் பார்த்தார். "இப்போதைக்கு டியூப் வேண்டாம், இப்படியே கொடுங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில், இப்போதாவது நிம்மதியாக மூச்சைப் பார்ப்போம் என்று கண்ணை மூடினேன். தூங்கிப்போனேன். ஊர் வந்ததும் அவர்தான் இடது முழங்கையால் இடித்து எழுப்பினார்.