பிரம்புக்கும் முறை வைத்த பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலைக்கு வருகிறவன், மணியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பேச்சு வாங்குவான். என்னைப் போலக் கந்தோர் என்கிற ஆபீஸ் வாசலில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டி குறைந்தாலும் நான், மாடு வேலி பாய்ந்தாலும் நான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். ஆனால் ஒருவர் குந்துகிற கதிரை, ஐந்து பேர் குந்துகிற வாங்கு, சோக்கட்டி எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொள்வேன்.

கிளிநொச்சிக்குக் கிட்ட, வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் அது. தொண்ணூறுகளின் முற்பகுதி. யுத்தத்தால் ரயில் ஓடாத காலமாகையால் தண்டவாளத் துண்டு ஒன்றுதான் எங்கள் மணி. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள். அந்தப் பக்கம், மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து கூலி வேலை செய்தவர்கள். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பள்ளிக்கூடம். பிரம்பு மட்டும் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று கேட்டுத்தான் இறங்கும்.

ஒரு மரம், இரண்டு பிள்ளைகள்

மாங்காய்க் காலம். எட்டாம் வகுப்பு வதனியும் சந்திராவும் காலைப் பிரார்த்தனைக்கு வராமல் கிணற்றடி மாமரத்துக்குப் போய்விட்டார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த ஒரே கடதாசிச் சரை, இரண்டு பேருக்கும். வதனி இந்தப் பக்கத்துக் கந்தையரின் மகள். சந்திரா அந்தப் பக்கத்துப் பார்வதியின் மகள். இருவரையும் கந்தோருக்குக் கூட்டி வந்தது நான்.

ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவர் புவனேஸ்வரி ரீச்சர். வதனியைப் பார்த்து, "நல்ல குடும்பத்துப் பிள்ளை, உனக்கேன் இந்தக் கூட்டு? வகுப்புக்குப் போ" என்றார். சந்திராவைப் பார்த்து, "தாய்தேப்பனைக் கூட்டிக்கொண்டு வா. அதுவரைக்கும் வகுப்புக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்றார். சந்திரா புத்தகப் பையை எடுத்தாள். வதனி வாசலை விட்டு அசையவில்லை.

"ரீச்சர், மரத்தில ஏறினது நான். அவள் கீழ நிண்டு பொறுக்கினவள் மட்டும்தான்."

கச்சான் தோட்டத்தில்

'தாய்தேப்பனைக் கூட்டிக்கொண்டு வா' என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு ஏச்சு. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு, படிப்பு முடிந்தது என்பதற்குச் சமம். பெற்றோர் பள்ளிக்கூடம் வந்தால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் அடுப்பில் உலை இல்லை. அந்த வருடம் அப்படி அனுப்பப்பட்டவர்களில் மூன்று பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. சந்திரா நாலாவதாகப் போய்விடுவாளோ என்று எனக்கு மனம் கேட்கவில்லை.

சந்திரா வராமல் ஒரு கிழமை, ஏழு நாள், போனபின் விசாரித்து வரும்படி பள்ளிக்கூட அதிபர் என்னை அனுப்பினார். சைக்கிளை உழக்கிக்கொண்டு போனால், தாயும் மகளும் யாரோ ஒருவரின் கச்சான் தோட்டத்தில் நிலக்கடலைச் செடிகளுக்கிடையே புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் பூநகரிப் பக்கம் கூலி வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் வரச்சொன்ன செய்தியை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பார்வதி கையில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

"வதனிப் புள்ளையோட அப்பாவுக்கும் சொல்லி விட்டாங்களா ஐயா?"

இல்லை என்றேன்.

"அப்ப அவரு வர்ற அன்னைக்கே நானும் வர்றேங்க. ஒரே மரத்து மாங்காதானே?"

கந்தையரின் பேச்சு

ஞாயிறு பின்னேரம் பெற்றோர் கூட்டம். எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் கடைசியில் தண்ணீர் முறையில்தான் வந்து நிற்கும். வெயில்காலத்துச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் காணாது, எல்லாருக்கும் போதாது. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு நேரம் என்று முறை வைத்து மதகு திறப்பார்கள். அந்த முறை கொஞ்சம் பிசகினாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர் கந்தையர்.

அன்று அவர்தான் முதலில் எழும்பினார். "இஞ்ச கண்டிப்புக் காணாது! பிழை செய்த பிள்ளையின்ர தாய்தேப்பனைக் கூப்பிட்டு நிப்பாட்ட வேணும்" என்றார். நல்ல கைதட்டல். புவனேஸ்வரி ரீச்சர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நின்ற பார்வதி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"ஐயா சொல்றது சரிங்க. வாய்க்கால்ல உங்க வயலுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரந்தான் பக்கத்து வயலுக்கும். யாரு வயல்னு பாத்து மதகு தொறந்தா நீங்க மம்பட்டியோட வந்து நிப்பீங்க. புள்ளைங்களுக்கு மட்டும் ஏங்க அந்த முறை இல்ல? ரெண்டு பேரும் மாங்கா தின்னாங்க. எம் மக வீட்டுல இருக்கா, உங்க மக வகுப்புல இருக்கா."

"எந்த மாங்காய்?" என்றார் கந்தையர்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த வதனி மெல்லக் குனிந்து மறைந்தாள். கந்தையர் சால்வையை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார். பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினார்.

"என்ர பிள்ளைக்கும் அதே தண்டனையைக் குடுங்கோ ரீச்சர். இல்லாட்டி நாளைக்கு நான் என்னெண்டு மதகடியில நிண்டு வாய் காட்டுறது?"

ஞாயிற்றுக்கிழமை வாங்கு

அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. ஒரே பிழைக்கு ஒரே தண்டனை. பெற்றோரைக் கூப்பிடுவது கூலி வேலை இல்லாத ஞாயிறு பின்னேரத்தில் மட்டும். அதுவரைக்கும் பிள்ளை வகுப்பில்தான் இருக்கும். திங்கட்கிழமை நான் மணி அடிக்க முன்னமே சந்திரா வந்து நின்றாள். பழைய மூவரில் இரண்டு பேர் பின்னால் வந்து சேர்ந்தார்கள். வதனிக்கும் சந்திராவுக்கும் மாமரத்தைச் சுற்றிப் புல்லுப் பிடுங்கும் தண்டனை. சந்திரா தன் பங்கை முடித்து, வதனியின் பங்கிலும் பாதியைப் பிடுங்கிவிட்டு, "இதெல்லாம் ஒரு கையா?" என்று அவளைப் பகிடி பண்ணினாள்.

கொஞ்ச நாளில் அதிபரின் மகளே மாட்டினாள். அடிக்கடி பிந்தி வந்தாலும் பெற்றோர் வரவேண்டும் என்பது சட்டம். அவள் வருவதோ அதிபரின் சைக்கிள் பாரில் குந்தி. ரியூப்புக்குத் தட்டுப்பாடு, ஒட்டின இடத்திலேயே திரும்ப ஒட்டி ஓடுகிற சைக்கிள். தகப்பனும் மகளும் சேர்ந்தே பிந்தினார்கள். பள்ளிக்கூட வாசல் படலையைச் சாத்திவிட்டு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு பின்னேரம் அதிபர் வந்து தன் கதிரையில் இருக்கப் போனார். புவனேஸ்வரி ரீச்சர் சிரிக்காமல் பெற்றோர் காத்திருக்கிற வாசல் வாங்கைக் காட்டி, "இண்டைக்கு நீங்கள் தகப்பன், சேர்" என்றார். அதிபர் வெளியே வந்தார். வாங்கில் கந்தையர் ஏற்கனவே இருந்தார். வதனி மறுபடியும் மரத்தில் ஏறியிருந்தாள். சந்திரா இந்தத் தடவை மரத்தடிக்குப் போகவில்லை, ஆகவே பார்வதி நிம்மதியாக வீட்டில் இருந்தார். கந்தையர் அரக்கி இருந்து இடம் விட்டார்.

"வாங்கோ சேர், இருங்கோ. முதல் தரமெண்டா வெக்கமாத்தான் கிடக்கும், பிறகு பழகீடும்."

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தண்டனை என்றான பிறகு பெற்றோருக்கு அந்த வாங்கு போதாமல் இன்னொன்று செய்ய வேண்டி வந்தது, அதைத் தலையில் சுமந்து வந்து போட்டதும் மணி அடிக்கிறவன்தான்.