ஆறாவது கண்ணி

எங்கள் அக்கா வீட்டுக்காரர் லாங்சன் சகாலாவைக் காட்டில் கண்ணி வைத்ததற்காக முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பது லுவாங்வா ஆற்றின் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பொய் இல்லை, வைத்தார். பத்தொன்பது வருடம் கண்ணி எடுத்துக்கொண்டிருந்தவர் ஏன் வைத்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதே முகாமில் பதினொரு வருடமாகச் சமைக்கிறவள் நான். பெயர் செலிபா. நான் சொல்கிறேன்.

மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது. நெட்டை ஆள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குளிர் நாடுகளிலிருந்து காட்டைக் காப்பாற்றக் கிளம்பி வரும் தொண்டர்களைத் துப்பாக்கியோடு முன்னால் நடந்து கூட்டிப்போவது அவர் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு குழு. போகும்போது எல்லோரும் அழுவார்கள், மறுபடியும் வருவோம் என்பார்கள். மறுநாள் அதே கட்டிலுக்கு நான் வேறு விரிப்புப் போடுவேன். ஒவ்வொரு குழுவுக்கும் அவர் அதே இடத்தில் நின்று, "இது யானைச் சாணம், நேத்துப் போட்டது" என்று அதே முகத்தோடு சொல்ல வேண்டும்.

"சலிக்கலையா மச்சான் உங்களுக்கு?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"யானை வேற மாதிரி போட்டா நானும் வேற மாதிரி சொல்லுவேன் மச்சினி."

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காட்டில் கால் வைக்க முடியாது. வேலிக் கம்பி, டயர் கம்பி, எது கிடைத்தாலும் கண்ணியாகியிருந்தது. ஒரே காலையில் நாற்பது எடுத்த நாளெல்லாம் உண்டு. அவரும் இன்னும் மூன்று பேரும் மூட்டை கட்டி முதுகில் சுமந்து வருவார்கள். வருடம் போகப் போக நாற்பது பத்தானது, பத்து ஒன்றானது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிவிட்டு வந்து, "சுத்தமா இல்ல" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தாராம். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை என்பாள் அக்கா.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தொண்டர்கள் வருவதே கண்ணி எடுக்கத்தானே. எடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் முகம் தொங்கிவிட்டது. "நடந்தோம், நடந்தோம், திரும்பி வந்தோம்" என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அடுத்த பருவத்தில் பாதிக் கட்டில்கள் காலி. முகாம் மேலாளர் கலுங்கா மச்சானைக் கூப்பிட்டார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஸ்டோர்ல பழைய கம்பி மூட்டை மூட்டையா கெடக்கு லாங்சன். வர்றவங்க கையில நாலு சிக்கினா என்ன கொறைஞ்சிடும்?"

"பொய்யில்லையா சார் அது?"

"பொய்யில்ல, பயிற்சி. முகாமை மூடிட்டா உனக்கும் வேலையில்ல, இந்தா நிக்கிறாளே செலிபா, இவளுக்கும் வேலையில்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கெட்டிலைப் பார்த்தேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் முந்தின சாயங்காலம் ஆறு கண்ணி கட்டிவிட்டு வருவார். சுருக்கு இறுகாதபடி உள்ளே ஒரு முடிச்சு போட்டுவைப்பார். மறுநாள் தொண்டர்கள் 'கண்டுபிடித்து' எடுப்பார்கள், கம்பியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "நீ களி கிண்டி வைக்கிறே, நான் கம்பி கட்டி வைக்கிறேன். ரெண்டு பேருமே சமையக்காரங்கதான்" என்றார் என்னிடம். சிரிப்பு வரவில்லை எனக்கு.

ஒரு குழுவில் இயந்திரங்களோடே வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது இறுகவே இல்லையே, இதுல எந்த மிருகம் மாட்டும்?" என்று கேட்டார். கலுங்காவுக்கு வியர்த்துவிட்டது. "இனிமே ஒழுங்கா கட்டு" என்று மச்சானுக்கு உத்தரவு. உள்முடிச்சு போயிற்று. ஆறும் நிஜக் கண்ணியாயிற்று.

போன ஆகஸ்டில் வந்த குழுவில் இங்ரிட் என்று ஒரு அம்மாள். தபால் கொடுத்து ஓய்வுபெற்றவள். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்தும் எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். அன்று ஐந்து கண்ணி எடுத்தாகிவிட்டது. ஆறாவது கண்ணி ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையில் குட்டிகளோடு யானைக் கூட்டம் நின்றதால் மச்சான் எல்லோரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டு நான் மட்டும் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று என் காதோடு சொன்னார். ஆனால் சாப்பிடும் முன் கலுங்கா தீத்தடுப்புக்குப் புல் வெட்ட அனுப்பிவிட்டார். நாலு மணிக்குத் திரும்பி வந்தவர், சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து, களியில் கை வைத்தபடியே தூங்கிப்போனார். மூன்று குழு இடைவெளியில்லாமல் வந்த மாதம் அது. வாய் திறந்து கிடந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிவிட்டது. இருட்டில் காட்டுக்குள் போக முடியாது. எழுப்பாமல் விட்டது நான்தான். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

விடிந்ததும் ஓடினார். அதற்குள் தொண்டர்களை ஏற்றிக்கொண்டு பறவை பார்க்கப் போன ஜீப் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறாவது கண்ணியில் ஒரு பெண் வரிக்குதிரை. கால் எலும்புவரை அறுந்திருந்தது. வனத்துறை ஆளை வரவழைத்துச் சுட்டுத்தான் அதன் வேதனையை முடிக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் முகாமுக்குத் திரும்பிச் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். மேசைமேல் அந்தக் கம்பி. இங்ரிட் அழுது ஓய்ந்திருந்தாள். வனத்துறை ஆள் நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "மவுட்டோ தோட்டம் பக்கத்துலதான இருக்கு? அவனா இருக்கும். தூக்கிட்டு வந்து விசாரிச்சா தெரிஞ்சிடும்" என்றான்.

மவுட்டோ என்றால் எங்கள் பேச்சில் தொல்லை என்று பொருள். பெயருக்கேற்ற ஆள்தான், எட்டு வருடத்துக்கு முன் கண்ணி வைத்து ஆறு மாதம் சிறையிலும் இருந்தான். இப்போது மிளகாய் போட்டு நாலு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறான்.

மச்சான் தொப்பியைக் கழற்றினார். "அவன் இல்ல. நான் கட்டினது."

கலுங்கா எழுந்துவிட்டார். "அவரு ஒரு மாசமா தூங்கல. ஊர்க்காரனைக் காப்பாத்தப் பாக்குறாரு, நல்ல மனுஷன்." தொண்டர்கள் மச்சானைக் கோயில் சிலையைப் போலப் பார்த்தார்கள். இங்ரிட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்வது உண்மைதான் என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெட்கக்கேடு.

மச்சான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். ஓரத்தில் கிடந்த நேற்றைய கம்பி மூட்டையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொட்டகைத் தூணில் ஒரு கண்ணி கட்டினார். அவருக்கு இடது கை. முறுக்கு எல்லாம் எதிர்ப்பக்கமாக விழும். கட்டி முடித்து, மேசைமேல் இருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். வனத்துறை ஆள் இரண்டையும் பார்த்துவிட்டு, மவுட்டோவைத் தூக்கி வர வெளியே கிளம்பிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தச் சொன்னான்.

இங்ரிட்தான் முதலில் கேட்டாள்.

"அப்போ நேத்து நாங்க எடுத்த அஞ்சு?"

"அதுவும் நான் கட்டினதுதாம்மா."

"அப்போ இந்தக் காட்டுல கண்ணியே கெடையாதா?"

"கெடையாதும்மா" என்றார் மச்சான். "எல்லாத்தையும் எடுத்து முடிச்சு அஞ்சு வருஷமாச்சு."