புல்லுக்கு அடித்த மருந்து

பிள்ளைகள், போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரு பகிடி சொல்லிச் சிரித்தீர்கள். "புல்லுக்குக் காய்ச்சல், மெடிசீன் குடுங்கோ" என்று. எங்கே கேட்டீர்கள் என்று கேட்டேன். கீழே பந்தடிக்கிற பெடியள் எல்லாரும் சொல்லுகிறவர்கள் என்றீர்கள். உங்களில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைச் சொல்லித் திரியக்கூடாது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் என் குரல் உடைந்துவிடும், நீங்களும் "சரி அப்பா, விளங்கிட்டுது" என்று எழும்பிப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பிழைகள் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில், கதவைத் திறந்தால் நேரே புல்லில் கால் வைக்கிற வீட்டில், ஒரு தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். நீங்கள் மாமா, மாமி என்று கூப்பிட்டவர்கள்தான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அவர்கள் குடிவந்தபோதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு முட்டு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரிக் கேட்கும்.

பனி கரைந்து புல் தலைகாட்டினால், பின்னாலேயே மஞ்சள் பூக்களும் வந்துவிடும். நொஸ்க்கில், இந்த நோர்வே மொழியில், உங்களுக்கு அது லூவெத்தான். குடியிருப்பு நிர்வாகத்துக்கு அது களை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கொம்பனியிலிருந்து ஆள் வந்து, முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு, அதை அழிக்க மருந்தடிப்பார். அந்தப் புல்லை ஒரு மாடும் மேய்வதில்லை, அதை வெட்டி ஒருத்தரும் விற்பதுமில்லை. எங்கள் வெஸ்ட்லிப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரே பச்சையாக, ஒரே மட்டமாகத் தெரியவேண்டும். அதற்காக மட்டும்தான் அந்த மருந்து.

முதல் வருடம் மருந்தடித்த கிழமையே பிள்ளைக்கு முட்டு கூடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே. வைத்தியர் இதனால்தான் என்றும் சொல்லவில்லை, இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. பூந்தூளாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் தம்பிக்கு அந்த மணம் தெரியும். ஊரில் அவருடைய அண்ணன் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடித்துக்கொண்டு நின்றபடியே விழுந்தவர், பிறகு எழும்பவில்லை. அதன் பின் மனைவி கோடை முழுக்கக் கதவும் யன்னலும் பூட்டியே வைத்திருந்தார். ஒருநாள் படியில் நின்று உங்கள் அம்மாவிடம் சொன்னார்: "இஞ்சை வெயில் எறிக்கிறதே கொஞ்ச நாள், அக்கா. அதிலயும் பிள்ளையைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைச்சிருக்கிறன்."

அதற்கடுத்த வசந்தத்தில் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். பேக்கரியில் விடியப்புறம் வேலை அவருக்கு. தலைமயிரில் மா ஒட்டியிருந்தது.

"அண்ணை, வருடாந்தக் கூட்டத்தில கதைக்கப்போறன். மருந்தடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி."

"நீர் கதைக்காதேயும். உம்மட நொஸ்க் பாண் போறணையோட நிக்கிற நொஸ்க். சொல்லவேண்டியதைச் சொல்லும், நான் கதைக்கிறன்."

"இல்லை அண்ணை. பிள்ளை என்ர. நான்தான் சொல்லவேணும்."

அம்மா குசினிக்குள் நின்றபடி, "தம்பியே கதைக்கட்டும். உங்கட அண்ணை வாய் திறந்தால் கூட்டத்துக்குத் தலையணை குடுக்கவேணும்" என்றார். தம்பி சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் கடைசியாகக் கண்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கோப்பி, வாஃபல், தகரக் கதிரைகள். நிர்வாகத் தலைவர் ஓய்வுபெற்ற மனிதர், மரியாதையானவர், எல்லாரையும் கைகொடுத்து வரவேற்றார். தம்பியின் கோரிக்கை விவாதத்துக்கு வந்தபோது ஆட்கள் இரண்டு பக்கமாகவும் பேசினார்கள். தேனீ வளர்க்கிற ஒரு இளம் நொஸ்க் பெண், மருந்து முழுதாக நிறுத்தப்படவேண்டும், அழகுக்காக நஞ்சு எதற்கு என்று கேட்டாள். ஒருவர், புல் காடாகப் போனால் வீட்டு விலை விழும் என்றார். கையால் பிடுங்கலாம், டுக்னாட் வைப்போம், எல்லாரும் சேர்ந்து சிரமதானமாகச் செய்வோம் என்று இன்னொருவர் சொன்னார். "போன டுக்னாட்டுக்கு வந்த ஆட்களைவிட வாஃபல்தான் அதிகம்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. தலையாட்டுகிற ஆட்கள் கனபேர் இருந்தார்கள்.

தம்பி எழும்பினார். வெள்ளை சேட் போட்டு வந்திருந்தார். வீட்டில் பாடமாக்கிய முதல் இரண்டு வசனமும் நன்றாகப் போனது. பிறகு பிள்ளையின் பேச்சு வந்ததும் பாடமாக்கியது போய்விட்டது, மனதில் தமிழ்தான் ஓடியிருக்கவேண்டும். "நீங்கள் புல்லுக்கு மெடிசீன் கொடுக்கிறீர்கள். அந்த மெடிசீனால் என் மகளுக்கு வருத்தம் வருகிறது" என்று நொஸ்க்கில் சொன்னார்.

பின் வரிசையில் ஒருவர் கேட்டார்: "புல்லுக்கு என்ன, காய்ச்சலா?"

எல்லாரும் சிரித்தார்கள். தேனீப் பெண்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். தம்பிக்கு ஏனென்று விளங்கவில்லை. அவர் சொன்னது சரிதானே. நாங்கள் மருந்தென்றுதானே சொல்லுகிறோம். எங்களுடைய ஊரில் ஒருத்தர் மருந்து குடித்துவிட்டார் என்று கேட்டால், அவர் வைத்தியரிடம் போனார் என்று ஒருத்தரும் நினைக்கமாட்டார்கள், தலையில் கைவைத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் எங்களுக்குப் பயம் இருக்கிறது. மெடிசீனுக்குள் அந்தப் பயம் இல்லை. அங்கே இருமல் பாணி மட்டும்தான் இருக்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழும்பினேன்.

"எங்கள் மொழியில் பயிருக்கு அடிக்கிற நஞ்சுக்கும் மருந்து என்றுதான் பெயர்" என்றேன். "உங்கள் மொழியில் மட்டும் என்னவாம்? நஞ்சுக்கும் யிஃப்ட், கலியாணம் முடித்தவருக்கும் யிஃப்ட்."

விளங்கப்படுத்தத்தான் சொன்னேன். மண்டபம் வெடித்தது. கைதட்டினார்கள். முன் வரிசைக் கிழவர் ஒருவர் "அது எனக்குக் கன வருடமாகத் தெரியும்" என்று சொல்ல, அவர் மனைவி தோளில் அடித்தார். கூட்டம் அதற்கும் சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் இதுவும் மருந்து மாதிரித்தான். அளவோடு பாவித்தால் பயமில்லை" என்றார். அப்படியே வாக்கெடுப்புக்குப் போய்விட்டார்கள். நிறுத்தவேண்டும் என்று உயர்ந்த கைகள் குறைவு. தலையாட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிலரின் கையில் வாஃபல் இருந்தது.

அங்கே ஒருத்தரும் கெட்டவர் இல்லை. வெளிக்கிடும்போது இரண்டு பேர் தம்பியின் முதுகில் தட்டி, நன்றாகப் பேசினீர்கள் என்றார்கள்.

வரும் வழியில் அவர் கேட்டார்:

"ஏன் அண்ணை சிரிச்சவை?"

"மெடிசீன் எண்டால் இவைக்குக் குளிசை, ஊசி. அவ்வளவுதான்."

"மருந்துதானே அண்ணை அது?"

"ஓம்."

"நீங்கள் சொன்னதுக்கும் சிரிச்சவை."

"ஓம்."

பிறகு, "பிள்ளைக்கு என்ன செய்யுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, என்ன" என்றார். என்னிடம் கேட்டதா, தனக்குத்தானே சொன்னதா என்று தெரியவில்லை.

மருந்தடித்தார்கள். கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பின்னேரம் அம்புலன்ஸ் வந்து புல்லின் மேலேயே ஏறி நின்றது. நீங்கள் சின்னாக்கள், யன்னலில் ஏறி நின்று லைற்றைப் பார்த்தீர்கள். இந்த முறை பிள்ளை கனநாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது நடப்பதையே மறந்திருந்தாள், தூக்கினால் பாரமே இருக்கவில்லை. இலையுதிர் காலத்தில் அவர்கள் மாமியின் தமையன் இருக்கிற பேர்கனுக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்ற நானும் உதவினேன். தம்பி, "போட்டு வாறன் அண்ணை" என்று மட்டும் சொன்னார். முதலில் போன் எடுப்பார், இப்போது இல்லை. நான் எடுத்தால் மாமி கதைப்பார். பிள்ளை எப்படி என்றால், "இருக்கிறாள் அண்ணை" என்பார். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

தேனீப் பெண் அந்தக் கோரிக்கையை இந்த வருடமும் கொண்டுவந்தாள். நானும் போயிருந்தேன். அவள் பேசத் தொடங்க முன்னமே ஒருவர், "புல்லுக்கு இன்னும் காய்ச்சல் மாறவில்லையா?" என்றார். தம்பியை ஒருநாளும் கண்டிராத புது ஆட்களும் சிரித்தார்கள். யிஃப்ட் கதையையும் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்துக் கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன். அதையும் பகிடியாகத்தான் எடுத்தார்கள். வாக்கெடுப்பில் அவள் தோற்றாள். நீங்கள் மேசையில் சொன்ன பகிடி இதுதான்.

நேற்று வேலையால் வரும்போது புல்லில் அந்த மணம் இருந்தது. அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். தெளித்த இடம் என்று எழுதிய சின்னப் பலகையைக் கார் நிறுத்துகிற மூலையில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நட்டிருந்தார்கள். தம்பி இருந்த வீட்டுக்கு இப்போது வேறு நாட்டுக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. வெளியே பிள்ளை வண்டி நின்றது. கதவைத் தட்டினேன். ஒருத்தரும் இல்லை. இன்னொருமுறை தட்டிப் பார்த்தேன்.

பிறகு மூலைக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கினேன். கொண்டுவந்து அவர்களுடைய கதவுக்கு நேரே, புல் தொடங்குகிற இடத்தில் வைத்து, சப்பாத்துக் குதியால் மிதித்து மண்ணுக்குள் இறக்கினேன். காற்றுக்கு விழாது என்று அசைத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தேன்.