கச்சேரி நடுவே வந்த கரண்ட்

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி மோகனூருக்கு வந்து சில வருடங்கள் கழித்து, எங்கள் தெரு சங்கீத சபையில் பாட எனக்கு இடம் கிடைத்தது. மாமனாரின் அப்பா காலத்தில் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கிய சபை அது. ராமநவமிக் கச்சேரிகளில் ஒரு நாளை உள்ளூர்க்காரர்களுக்கு விடுவது வழக்கம். உள்ளூர்க்காரர்கள் என்றால் அதுவரை ஆண்கள்தான். சேலத்தில் சின்ன வயதிலிருந்து பாட்டுக் கற்றவள் நான். அடுப்படியில் முணுமுணுத்தே காலம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மாமனார் ஒரு நிபந்தனை போட்டார். "பாடு சாமி, நான் வேண்டாங்கல. ஆனா சனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா அதோட உட்டுறோணும். நம்மூட்டுப் பொண்ணு பாடி ஊரு எந்திரிச்சுப் போச்சுங்கற பேரு வேண்டாம்."

"செரிங்க மாமா" என்றேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். வருடா வருடம் சுருதி சேராமல் பாடிய பங்காளிகளுக்கு யாரும் நிபந்தனை போட்டதில்லை.

அன்று சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. மாமனார் முன்வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. கல்யாணி ஆலாபனையில் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, சபைக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். விளக்குக்குக் கரண்ட் இருந்தாலும் மோட்டாருக்கு இருக்காத காலம் அது. ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் இரவில் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த வாரம் முறையும் தப்பி, எல்லோருடைய கரும்பும் வாடிக் கிடந்தது.

முதலில் எழுந்தவர் என் மாமனார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் பின்னால் ஆண்கள் பக்கம் மொத்தமும் எழுந்தது. மிஞ்சியவர்கள் பெண்களும், தூணில் சாய்ந்து குறட்டை விட்ட ஒரு பெரியவரும்தான்.

அவ்வளவுதான், என் பாட்டு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நிறுத்தவில்லை. இனி மேடை கிடைக்காது என்றால் ஆசை தீரப் பாடிவிட்டுத்தான் இறங்குவது என்று ஒரு வீம்பு. பெண்கள் நகர்ந்து முன்வரிசைக்கு வந்தார்கள். ஆலாபனையை நீட்டினேன், நீட்டிக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் திரும்பி வந்து, சேற்றுக் காலோடு வாசல் ஓரமாகவே உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள். மங்களம் பாடி முடித்தேன். வீட்டுக்குப் போகும்போது அவர் நாலடி முன்னால் நடந்தார். நிபந்தனை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

காலையில் மாமியாரின் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

"ஏனுங்க, மோட்டாரப் போட்டுட்டு மடை திருப்பாமயா வந்தீங்க? தண்ணியெல்லாம் வண்டித் தடத்துல ஓடிக் கெடக்குது. கீழக்காட்டுக் கரும்புக்குச் சொட்டுத் தண்ணி பாயல!"

தண்ணீர் பாயும்போது வாய்க்காலை விட்டு அசையாத மனிதர் அவர். சொந்தத் தங்கை கல்யாணத்தன்று கூட மடை திருப்பிவிட்டுத்தான் பந்தலுக்கு வந்தார் என்று மாமியாரே சொல்லியிருக்கிறார்.

மாமனார் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்துத் துண்டால் துடைத்துக்கொண்டு, கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் பகல்ல கரண்ட் வர்ற நாளாப் பாத்து உம்பட கச்சேரிய வெக்கச் சொல்லோணும் சாமி. இல்லாட்டி நம்மூட்டுக் கரும்பு பொழைக்காது."