கண்ணைக் காட்டாமல் வேன் நகராது

ஏறுகிற பிள்ளை முகத்தைத் தூக்கிக் காட்டாமல் தினேஸ்வரியின் பள்ளி வேன் நகராது. "இங்க பாரு. கண்ணுல பீளை, கழுவிட்டு வா, போலாம்." லகாட்டிலிருந்து ஈப்போ நகரப் பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகள். வயது நாற்பத்தாறு. பிறந்து வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் வீடமைப்புக்கு விற்றதும் ஸ்டியரிங் பிடித்தவள். ஹாரன் அடிக்க மாட்டாள். தொண்டை எதற்கு இருக்கிறது! பெற்றோரின் வாட்சப் குழுவில் அவளுக்குப் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை: வாயாடி, திமிர் பிடித்தவள், பெரிய டாக்டர்.

டாக்டர் ஆனது சும்மா இல்லை. மகன் ஷானுக்கு நான்கு வயதில் ஒரு கண் வீங்கியது. பூச்சிக்கடி என்று மஞ்சள் பற்றுப் போட்டு, இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். "மாமியா சொன்னாங்கன்னு வாய மூடிட்டு இருந்தேன் பாரு, அந்த ரெண்டு நாளு! இனிமே எவன் சொன்னாலும் மூட மாட்டேன்லா."

போன செவ்வாய்க்கிழமை, கடைசி வீடு. ஏழு வயது ஷர்மினியின் இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"கொசுக்கடிலா அக்கா, மருந்து தடவியாச்சு," என்றார் அப்பா ஜெயபாலன், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்.

நெற்றி கொதித்தது. சளி ஒரு வாரமாம். தினேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு இமையை மெல்லத் தூக்கினாள். எல்லாரும் வீக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற விழியை. விரலை அசைத்தாள். வலது விழி விரலோடு போனது. இடது விழி பாதியிலேயே நின்றுவிட்டது.

"வலிக்குது ஆன்ட்டி," என்று பிள்ளை அழுதது.

தினேஸ்வரி வேனில் ஏறினாள். வேனை ஜெயபாலனின் காருக்குக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"ஏறுங்க தம்பி, ஆஸ்பத்திரிக்கு."

"சூசா குடுக்காதீங்கக்கா, வேலைக்குப் போற நேரத்துல என்ன தொல்லை இது. சாயங்காலம் கிளினிக் போய்க்கிறேன்."

"சாயங்காலம் வரைக்கும் கண்ணு இருக்குமா? நீங்க ஏறாம நா நகர மாட்டேன். எல்லாப் பிள்ளையும் லேட்டாகட்டும்!"

திட்டிக்கொண்டே ஏறினார். மற்றவர்களை வழியிலிருந்த பள்ளியில் இறக்கிவிட்டு நேரே மருத்துவமனை. சளியிலிருந்த கிருமி கண்ணுக்குப் பின்னால் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பார்வை இன்னும் இருக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்றார்கள். ஜெயபாலன் வேலையிடத்துக்குப் போன் போட்டு லீவு சொன்னார்.

வார்டில் ஷர்மினியின் கட்டிலுக்குத் தாதி வந்தார். "அம்மா அப்பா மட்டுந்தான் இருக்கலாம். நீங்க யாரு?"

"வேன் ஓட்டுறவ."

"அப்ப வெளிய இருங்க."

பையில் போன் அலறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தாமதமானதற்குக் குழுவில் ஏச்சு. தினேஸ்வரி அதை எடுத்து அணைத்தாள். மூலையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, ஷர்மினியின் ஊசி ஏறாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.